பாடை திரும்பும் இடத்தில் ஒரு காபிக் கடை

அரியலூரில் ரயிலைவிட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் என் கறுப்புச் செருப்பு வெளுத்துவிட்டது. சிமெண்ட் லாரிகள் கிளப்பிவிட்டுப் போகிற தூசி. ரோட்டோரத்துக் கருவேல மரங்கள்கூடப் பவுடர் பூசிக்கொண்டு யாருக்காகவோ காத்திருப்பவை போல நின்றன. காலை வெயில் அந்த வெள்ளையில் பட்டு, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வெளிச்சமாகப் பரவிக் கிடந்தது. எல்லோருக்கும் நிழல் இருந்தது. அது அவரவர் நிழல்தானா என்று மட்டும் ஒரு சந்தேகம்.

நான் பினாங்குக்காரன். அப்பா பெரம்பலூரிலிருந்து கப்பலேறியவர். அவரும் பெரியப்பாவும் சேர்ந்து வாங்கிப்போட்ட ஒரு கடைக்கட்டடம் பெரம்பலூரின் பழைய கடைத்தெருக் கோடியில் இருக்கிறது. பெரியப்பா மகன் ராசேந்திரன் அண்ணன் அதில் பழக்கடை நடத்தினார். போன மழைக்காலத்தில் அண்ணன் இறந்தபோது என்னால் வர முடியவில்லை. இப்போது வந்தது துக்கம் கேட்க. கூடவே ஒரு வேலையும் இருந்தது.

எங்கள் கடையோடு தெரு முடிகிறது. முடிகிற இடத்தில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம், பைபாஸ் ரோட்டைப் பார்த்தபடி ஒரு காபிக் கம்பெனி புதிதாகக் கடை போட்டிருக்கிறது. காரைவிட்டு இறங்காமல், ஜன்னல் வழியாகவே வாங்கிக்கொண்டு போகிற கடை. கார்கள் வெளியேற எங்கள் தெருப்பக்கம் ஒரு வாசல் வேண்டுமாம். சுவரை உடைப்பதற்குப் பக்கத்து இடத்துக்காரர்களின் சம்மதம் வேண்டும். பக்கத்து இடத்துக்காரர்கள் இரண்டு பேர்: அண்ணன் மனைவி தமிழரசி அண்ணி, அப்புறம் நான். இருவரில் ஒருவர் மாட்டேன் என்றாலும் சுவர் நிற்கும். நேரில் வந்து சொல்லும்படி நகராட்சி ஆபீசில் கூப்பிட்டிருந்தார்கள்.

என் மனதில் சந்தேகமே இல்லை. மாட்டேன் என்று சொல்லத்தான் கடல் தாண்டி வந்தேன்.

அரியலூரிலிருந்து ஏறிய பஸ் பாதி வழியில் டயர் வெடித்து நின்றது. எல்லோரும் இறங்கினோம். ஒரு அம்மா முந்தானையில் முடிந்திருந்த பொரிகடலையைப் பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எனக்கும் ஒரு பிடி. மென்றுகொண்டே வேலியோரமாக நடந்தேன். கொஞ்ச தூரத்தில் பூமி சட்டென்று இல்லாமல் போனது. சுண்ணாம்புக்கல் சுரங்கம். வெட்டி எடுத்த பள்ளத்தின் அடியில் லாரிகள் தீப்பெட்டிகள் போல ஊர்ந்தன. என் காலடியில் கிடந்த கல்லில் ஒரு சிப்பி ஒட்டியிருந்தது. பக்கத்துக் கல்லிலும் ஒன்று.

"சார், ரொம்ப ஓரமாப் போவாதீங்க," என்று கண்டக்டர் கத்தினார். "அது கடலு!"

"கடலா?"

"ஒரு காலத்துல. இப்ப தண்ணிதான் இல்ல. வுழுந்தா முழுகுறது முழுகுறதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஊரில் தினமும் பார்க்கிற கடலை நினைத்துக்கொண்டேன். அதற்கு ஒரு கரை உண்டு. இதுவரை நிலம், இனிமேல் நான் என்று அது சொல்லிவிடும். இங்கே நாங்கள் எல்லோரும் கடலுக்கு அடியில் நின்று பொரிகடலை தின்றுகொண்டிருந்தோம். கடல் எங்கே போனது, எப்போது வரும் என்று யாரும் கேட்கவில்லை.

காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு வாடகைக் கார் நின்று என்னை ஏற்றிக்கொண்டது. ஓட்டியவர் ஜமால் பாய், லப்பைக்குடிக்காட்டுக்காரர். பாதி வயதைச் சவூதியில் கழித்துவிட்டு வந்தவர். நான் பினாங்கு என்றதும், "அப்ப நீங்களும் எங்களாட்டம் கடல் தாண்டிப் பொழைக்கப் போன சபுராளிதான்," என்று உரிமையோடு முதுகில் தட்டினார். பெரம்பலூர் பைபாஸ் வந்ததும் காரை ஒரு பளபளப்பான வளைவுக்குள் திருப்பினார்.

"ஒரு காபி சாப்புட்டுப் போவோம் சார். இறங்க வேணாம். அங்க எங்களுக்கு இதான் வாழ்க்கை. ரொட்டி, மருந்து, துணி எல்லாமே கார்லயே. காலுன்னு ஒண்ணு இருக்கறதே தொழுவுறப்பதான் நெனப்பு வரும்."

கட்டடத்தைச் சுற்றிக் கார் மட்டும் நுழைகிற அகலத்தில் ஒரு பாதை. முன்னால் நின்ற காரின் கறுப்புக் கண்ணாடி ஒரு விரல் அளவு இறங்கியது; ஒரு கை மட்டும் வெளியே வந்து, ஒரு பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனது. முகம் தெரியவில்லை. பாதை திரும்புகிற இடத்தில் இடுப்புயரக் கம்பம் ஒன்று, அதன் தலையில் ஒரு பெட்டி. நாங்கள் அதன் அருகே போனதும் பெட்டி பேசியது. இளம் பெண்ணின் குரல்.

"வணக்கம். என்ன வேணும், சொல்லுங்க."

ஜமால் பாய் பக்கத்துக் கண்ணாடி இறங்கவில்லை. பொத்தானை அமுக்கினார், கண்ணாடியைக் குத்தினார். கதவைத் திறக்கப் பார்த்தால் ஓரத்துத் திட்டு இடித்தது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார். "ரெண்டு காபி!" என்று மூடிய கண்ணாடிக்குள்ளிருந்து அவர் கத்த, "வணக்கம், என்ன வேணும், சொல்லுங்க," என்று பெட்டி மறுபடியும் பொறுமையாகக் கேட்டது. கடைசியில் காபி இல்லாமலே வெளியே வந்தோம்.

"சைத்தான் பொட்டி," என்றார் பாய், வேர்வையைத் துடைத்துக்கொண்டே. "இது மவுத்தான மனுசன்கிட்டயே என்ன வேணும்னு கேட்ட பொட்டி சார். தெரியுமா?"

"யார்கிட்ட?"

"இந்த எடத்துலதான் காலங்காலமாப் பாடைய இறக்கித் திருப்புவாங்க. தலைமாடு கால்மாடு மாத்தி. போறவருக்கு வூட்டுக்கு வர்ற வழி மறந்துரணும்ல, அதுக்கு. இப்ப சுவரு கட்டிட்டாங்க. அதுக்காக வேற எடத்துல வைக்க மனசு வருமா? பைபாஸைச் சுத்திக்கிட்டு, கார் போற வழியிலயே பாடையக் கொண்டாந்து அதே எடத்துல இறக்கிருக்காங்க. முனிசிபாலிட்டியோட இரும்புப் பாடை, சக்கரம் வச்சது. தரைக்குக் கீழ கம்பி பொதைச்சிருக்கான், மேல இரும்பு வந்தா உள்ள மணியடிக்கும். மோளத்த நிறுத்திட்டுத் திருப்பப் போறாங்க, பொட்டி கேக்குது, 'வணக்கம், என்ன வேணும்?'"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தூக்கிட்டு ஒரே ஓட்டம். திருப்பவே இல்ல. பாவம், யாரோ பழக்கடைக்காரராம்."

பழக்கடைக்காரரின் தம்பி என்று நான் சொல்லவில்லை. தெருமுனையில் இறங்கிக்கொண்டேன்.

அண்ணி கடை வாசலில் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தார். துக்கம் கேட்க வருபவரை இங்கே 'வாங்க' என்று கூப்பிடுவதில்லை. நானும் ஒன்றும் கேட்காமல் போய் உட்கார்ந்தேன். வாழைத்தார்கள் தொங்கின. சாத்துக்குடிகளைக் கோபுரமாக அடுக்கியிருந்தார். அண்ணனின் இரும்புத் தள்ளுவண்டி ஓரமாக, சாக்குப் போர்த்தி நின்றது. ஒரு ஆள் நீட்டிப் படுக்கும் நீளம். நான் அந்தப் பக்கம் பார்க்காமலிருக்க முயன்றேன்.

மறுநாள் காலையில் தெருவை நடந்து பார்த்தேன். நடக்கத் தோதான தெரு அது. பாத்திரக்கடைக்காரர் எதிர்ப்புறத்து மருந்துக்கடைக்காரரிடம் தன் இடத்திலிருந்தே குரல் கொடுத்துச் சில்லறை கேட்கிறார். பூ வாங்க வந்த பெண் பூவோடு சேர்த்து ஒரு வம்பையும் வாங்கிக்கொண்டு, அதைப் பக்கத்துக் கடையில் இறக்கிவிட்டுப் போகிறார். ஒரு கடையில் சுடச்சுடப் பருப்பு வடை. வாழை இலைத் துண்டில் வைத்துக் கையில் கொடுத்து, தின்றுகொண்டே நடக்க விடுகிறார்கள்.

எங்கள் ஊரில் பழைய கடைவரிசைகளுக்கு முன்னால் ஐந்தடி அகலத்துக்குக் கூரை போட்ட நடைபாதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்து விதி: யார் கடை கட்டினாலும் நடப்பவனுக்கு ஐந்தடி விட்டுத்தான் கட்ட வேண்டும். மழையோ வெயிலோ, தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நனையாமல் போகலாம். சிறு வயதில் அதை யாரோ அன்பினால் செய்தது என்று நினைத்திருந்தேன். விதி என்று பிற்பாடு தெரிந்தபோது எனக்கு விதியின் மேலேயே ஒரு பிரியம் வந்துவிட்டது.

இந்தத் தெருவுக்கு அப்படி எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. பழக்கம்தான். பழக்கத்துக்கு எதிராக ஒரு சுவரை உடைப்பது சுலபம்.

"நடந்து வர்றவன்தான் தம்பி கடைக்குள்ள வருவான்," என்றார் இரும்புச் சாமான் கடை செல்லமுத்து. வியாபாரிகள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். "கார்ல வர்றவன் கண்ணாடிய ஏத்திக்கிட்டு, நம்ம மேல பொகைய வுட்டுட்டுப் போயிருவான். வாசலத் தொறந்தா இந்தத் தெரு அவன் கடைக்குக் கொல்லப்பக்கம். அம்புட்டுதான். தெருவே எழுதிக் குடுத்தாச்சு வேணாம்னு. ஒங்க அண்ணிதான் வாயத் தொறக்க மாட்டேங்குது. ஒங்க கடை வாசல்தான் மொதல்ல போவும். நஷ்டம் அதுக்குத்தான. நீங்க கேளுங்க."

கேட்டேன். உச்சிவேளை. தெருவில் நிழல்கள் எல்லாம் அவரவர் காலடிக்குள் புகுந்துகொண்டிருந்தன. அண்ணி எனக்குச் சோறு போட்டு, கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றி, எதிரில் உட்கார்ந்தார். நான் சுவர் விஷயத்தை எடுத்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"இருங்க தம்பி. இப்ப வரும்."

என்ன வரும் என்று புரியாமல் காத்திருந்தேன். பைபாஸ் பக்கமிருந்து ஒரு வண்டிச் சத்தமும் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம், தெளிவாக, வீட்டுக்குள் பேசுவது போல அந்தக் குரல்:

"வணக்கம். என்ன வேணும், சொல்லுங்க."

பதில் இல்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடியும்: "வணக்கம். என்ன வேணும்?"

எழுந்து வெளியே போய், சுவரோரம் கிடந்த பழப்பெட்டி மேல் ஏறி எட்டிப் பார்த்தேன். பாதை வெறுமையாக இருந்தது. கம்பம் மட்டும் தலையைக் குனிந்து நின்றது. அதன் முன்னால் தரையில் வெயில் நடுங்கியது.

"தெனமும் இந்நேரத்துக்கு வருவாரு," என்றார் அண்ணி, நான் திரும்பி வந்ததும். குரலில் அழுகை இல்லை. பஸ் வருகிற நேரத்தைச் சொல்வது போலச் சொன்னார். "திருப்பலைல்ல. வழி மறக்கல. சாப்பாட்டுக்குன்னு கெளம்பி அதுவரைக்கும் வந்துடறாரு. சுவரு நிக்குது. என்ன பண்ணுவாரு?"

"அண்ணி, அது மிஷின். வெயிலுக்கு..."

"இருக்கட்டுமே. மிஷினாவது கேக்குது. கலியாணம் ஆன நாள்லேர்ந்து நான் ஒருநாளாவது அவரை என்ன வேணும்னு கேட்டிருப்பனா? வச்சதத் தின்னாரு. குடுத்ததக் கட்டுனாரு." விரலால் என் இலையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தார். "சுவர ஒடச்சாங்கன்னா வூட்டுக்கு வந்துருவாரு. நாளைக்கு நீங்க மாட்டேன்னு சொல்லிராதீங்க தம்பி. தெரு என்னயப் பேசட்டும். கடை போனாப் போவட்டும்."

குழம்பு இலையிலேயே ஆறியது. ஒரு தெரு முழுக்க வேண்டாம் என்கிறது. அதன் கடைசி வீட்டில் ஒருத்தி, செத்துப்போன புருஷன் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரட்டும் என்று அந்தத் தெருவையே திறந்துவிடத் தயாராக இருக்கிறாள். ஒரே ஒரு 'மாட்டேன்' அவளை நிறுத்திவிடும். அந்த வார்த்தை என் வாயில் இருந்தது.

அந்தப் பெட்டியை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் போலிருந்தது. பைபாஸைச் சுற்றிக்கொண்டு நடந்தே போனேன். அந்த ரோட்டில் நடப்பவன் என்று ஒருவன் உண்டு என யாரும் யோசித்திருக்கவில்லை. வெள்ளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சாக்கடை, இந்தப் பக்கம் லாரி. ஒரு காரோட்டி என்னைப் பார்த்த பார்வையில் பைத்தியமா பிச்சைக்காரனா என்கிற சந்தேகம் தெரிந்தது. கம்பத்தின் முன்னால் போய் நின்றேன். பெட்டி பேசவில்லை. கனைத்தேன். கையை ஆட்டினேன். பேசவில்லை. இரும்பில்லாத மனிதனை அதற்குத் தெரியவில்லை.

ஜன்னலுக்குப் போய் ஒரு காபி கேட்டேன்.

"வண்டி எங்க சார்?" என்றான் உள்ளே இருந்தவன்.

"நடந்து வந்தேன்."

"நடந்து வர்றவங்களுக்கு இந்த ஜன்னல்ல குடுக்க முடியாது சார். கம்பெனி ரூல்ஸ். பின்னாடி வண்டி வந்து இடிச்சிட்டா?"

"முன்வாசல் எங்கே?"

"அது இல்ல சார்."

வாசலே இல்லாத ஒரு கடை. நான் திரும்பும்போது சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் தெருவின் பேச்சும் சிரிப்பும் பாத்திரச் சத்தமும் கேட்டன. இரண்டு எட்டுத் தூரம்தான். அண்ணன் இங்கே நின்றால் அவர் கடையில் சாத்துக்குடி உரிக்கிற வாசனைகூட வரும்.

சாயங்காலம் கடைக்கு ஒரு பெண் வந்தாள். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "பூவன் பழம் இருக்காம்மா?" என்றாள். பெட்டியின் குரல்.

அவள் பெயர் நிவேதா. அரியலூர்ப் பக்கத்துக் கிராமம். தினமும் வேலை முடிந்ததும் இங்கே வந்துதான் பழம் வாங்குவாளாம். அவள் யார் என்று அண்ணிக்கு முதலிலிருந்தே தெரியும். தாரிலேயே நல்ல சீப்பாகப் பார்த்து அறுத்துக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள்.

"அம்மா, நாளைக்கு ஆபீஸ்ல ஏதோ கையெழுத்தாமே. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளாச் சொல்லணும்னு..."

"சொல்லும்மா."

"எனக்கு உள்ள ஒண்ணும் தெரியாதும்மா. காதுல டிங்குனு ஒரு சத்தம் வரும். வந்தா பேசணும். காரா வேனா, எதுன்னு தெரியாது. அன்னிக்கும் அப்படித்தான் பேசுனேன். ஒரே அமைதி. அப்பறம் தடதடன்னு சத்தம். யாருன்னு பிற்பாடுதான் சொன்னாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாரு வந்தாலும் நான் மூணும் சொல்லுவேன். என்ன வேணும்னு கேப்பேன், வேற ஏதாவது வேணுமான்னு கேப்பேன், முன்னாடி போங்கன்னு சொல்லுவேன். அவருக்கு மட்டும் மொதல்ல உள்ளதோட நின்னு போச்சு. மத்தியானத்துல சும்மாச் சும்மா டிங்குனு வருதும்மா. ஜன்னல்ல எட்டிப் பாத்தா யாரும் இல்ல. எனக்கு அப்பறம் சோறு எறங்கறதில்ல. பாதியில விட்டுட்டமோன்னு இருக்கு."

அண்ணி தராசுத் தட்டைத் துணியால் துடைத்தார். சுத்தமாகத்தான் இருந்தது, மறுபடியும் துடைத்தார்.

"காலையில நீ எத்தன மணிக்கு வருவ?" என்று கேட்டார்.

விடிந்தபோது கடை வாசலில் சக்கரச் சத்தம் கேட்டு எழுந்து போனேன். அண்ணி குளித்து, ஈரத் தலையோடு, தள்ளுவண்டியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். சாக்கை எடுத்துவிட்டு ஒரு வெள்ளை வேட்டியை விரித்திருந்தார். அண்ணனுடையது. அதன் மேல் தராசு, ஒரு சீப்பு பூவன், கொஞ்சம் பூ.

"ஒரு கை புடிங்க தம்பி. ஆம்பளைங்க அன்னிக்கு முடிக்காம வந்துட்டாங்க. நாமளாவது முடிச்சிருவோம்."

எங்கே என்று கேட்கத் தேவையிருக்கவில்லை. பொம்பளை அந்த இடத்துக்கு வரக் கூடாது என்று சொல்ல அந்த நேரத்தில் தெருவில் ஆள் இல்லை. செல்லமுத்து மட்டும் கடை ஷட்டரைப் பாதி தூக்கியவர், எங்களைப் பார்த்துவிட்டு, அப்படியே மறுபடி இறக்கினார். பிணம் போகும்போது தெருவில் கடை சாத்துவது வழக்கம்.

பைபாஸ் ஓரமாகத் தள்ளினோம். சிமெண்ட் லாரிகள் கடந்து போகும்போதெல்லாம் வேட்டி, உள்ளே யாரோ மூச்சு விடுவது போல உப்பி அடங்கியது. அண்ணி ஒரு கையால் அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். கையை அங்கேயே வைத்திருந்தார்.

பாதைக்குள் நுழைந்து கம்பத்தருகே வண்டியை நிறுத்தினோம். பெட்டிக்குள் ஏதோ கரகரத்தது.

"வணக்கம்." குரல் உடைந்து, சேர்ந்தது. "என்ன வேணும், சொல்லுங்க."

அண்ணி என்னைப் பார்த்தார். "திருப்புங்க."

"எந்தப் பக்கம் தலை அண்ணி?"

"தராசு இருக்கற பக்கம்தான். அவரு தல எப்பவும் அங்கதான இருக்கும்."

சிரித்தோம். நிஜமாகவே இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு வண்டியைத் திருப்பினோம். இடம் போதாது, முன்னும் பின்னுமாக இழுத்து, திட்டில் இடித்து, சக்கரம் கிறீச்சிட, தலைமாடு கால்மாடாக மெதுவாக மாறியது. வெறும் வண்டி. ஆனால் எனக்குக் கை வலித்தது. ஒரு ஆள் கனம் கனத்தது. பின்னால் ஒரு கார் வந்து நின்றது. ஹாரனில் கை வைத்தவர் என்ன நினைத்தாரோ, அடிக்கவில்லை. விளக்கை மட்டும் அணைத்தார்.

அண்ணி பெட்டியின் பக்கம் குனிந்தார். "ஒண்ணும் வேணாம்மா," என்றார்.

"வேற ஏதாவது வேணுமா?"

அண்ணி வேட்டியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். இத்தனை வருஷமாகக் கேட்காத கேள்வியை அவர் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது. என்ன பதில் வந்தது என்று எனக்குத் தெரியாது.

"வேணாம். எல்லாம் ஆச்சு."

பெட்டி மறுபடி கரகரத்தது. பிறகு, மிக மெல்ல: "சரிங்க. முன்னாடி போங்க."

"போங்க," என்றார் அண்ணி.

வீட்டைவிட்டுப் புறப்படும் யாரிடமும் எங்கள் ஜனங்கள் சொல்லாத வார்த்தை அது. சொல்லிவிட்டு வண்டியிலிருந்து கையை எடுத்தார். நானும் எடுத்தேன். வண்டி தானாக ஒரு முழம் முன்னால் உருண்டு நின்றது. அந்தப் பாதையில் சரிவு இருந்திருக்கலாம். ரோட்டில் லாரி போன அதிர்வாகவும் இருக்கலாம். நான் குனிந்து பார்க்கவில்லை.

ஜன்னலில் நிவேதா நின்றிருந்தாள். காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிக் கழுத்தில் போட்டிருந்தாள். அண்ணி பூவன் சீப்பை எடுத்து ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டினார். "சாப்புடு. வயித்தக் காயப்போடாத." அந்த ஜன்னலிலிருந்து வெளியே போனதுதான் உண்டு, உள்ளே ஒன்று போனது அன்றைக்குத்தான் முதல் தடவையாக இருக்கும்.

"திரும்பிப் பாக்காதீங்க தம்பி," என்றார் அண்ணி, ரோட்டுக்கு வந்ததும்.

நகராட்சி ஆபீசில் அதிகாரி களைத்துப்போயிருந்தார். "விதியில தேடித்தேடிப் பாத்துட்டேன் சார்," என்று என்னிடம் முறையிட்டார். "ஓட்டலுக்கு ஒரு விதி இருக்கு, பெட்ரோல் பங்க்குக்கு ஒரு விதி இருக்கு. கார்லயே உக்காந்து திங்கறதுக்கு இல்ல. எழுதுனவங்களுக்கு இப்படி ஒண்ணு வரும்னு தோணல. அதான் பக்கத்துக்காரங்களையே கேட்டுருவோம்னு. சொல்லுங்கம்மா, வாசல் தொறக்கச் சம்மதமா?"

நான் அண்ணியைப் பார்த்தேன். வாய்க்குள் வைத்திருந்த வார்த்தையை விழுங்கிவிட்டுக் காத்திருந்தேன்.

"சுவரு இருக்கட்டும் சார்."

வாசலில் நின்ற செல்லமுத்து பெருமூச்சு விட்டது உள்ளே கேட்டது.

"காரணம்னு ஒண்ணு எழுதணும்மா."

அண்ணி யோசித்தார். "தெருவுல நடக்கறவங்க இருக்காங்க," என்றார். "அதுதான் எழுதிக்குங்க."

நானும் அதையே சொன்னேன்.

மத்தியானம் என்னை ரயிலடிக்குக் கொண்டுபோக ஜமால் பாய் காரோடு வந்துவிட்டார். கண்ணாடியைச் சரிசெய்திருந்தார், ஏற்றி இறக்கிக் காட்டினார். பழக்கடைக்காரரின் தம்பி நான் என்று அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் இறங்கிப் போய் அண்ணியிடம் ஒரு கிலோ சாத்துக்குடி கேட்டார். மூன்று நாளில் அவர் காரைவிட்டு இறங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அண்ணி நிறுத்துக்கொண்டிருந்தார். உச்சிவேளை. நிழல்கள் காலடிக்குள் போயிருந்தன. எனக்குக் காது தானாக அந்தப் பக்கம் திரும்பியது. பைபாஸில் சத்தமே இல்லை.

"வணக்கம்," என்றது சுவருக்கு அந்தப் பக்கம். "என்ன வேணும், சொல்லுங்க."

பாய் "யா அல்லாஹ்" என்று முணுமுணுத்தார். அண்ணி மட்டும் நிமிரவில்லை. தட்டில் இன்னொரு பழத்தை வைத்தார். முள் நேராக நின்றது.

"யாரோ," என்றார். "அவரு இல்ல."

பழங்களைப் பையில் போட்டுப் பாயிடம் கொடுத்துவிட்டு, வந்ததிலிருந்து முதல் தடவையாக என்னை முழுதாகப் பார்த்துச் சிரித்தார்.

"போயிட்டு வாங்க தம்பி."